ஒரு பக்கத்து உம்மை

'அன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கற்பிப்பதுதான் மிக இலகு என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். 7ஆம் தரத்தில் 'மற்றும்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். உண்மையில் அது அத்தனை எளிய சொல்லல்ல. 'விழுந்தான் அன்ட் கை முறிந்தது' என்றால் அங்கே அது காரணம். நாம் 'விழுந்ததில் கை முறிந்தது' என்போம். 'குளித்தான் அன்ட் சாப்பிட்டான்' என்றால் முன்பின். நமக்குக் 'குளித்துச் சாப்பிட்டான்' போதும். இரு பெயர்களைச் சேர்க்கும்போதுதான் நமது 'உம்' வருகிறது.

'அன்ட்' இருவருக்கும் நடுவில் ஒருமுறை நிற்கும். நமது எண்ணும்மையோ ஆளுக்கொன்று: அண்ணனும் தம்பியும். ஒருவரோடு மட்டும் ஒட்டினால் பொருளே வேறு. 'தம்பியும் வந்தான்' என்றால் வேறு யாரோ முன்னரே வந்தாயிற்று. இது எச்சவும்மை. நன்னூலார் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறார். எட்டையும் பரீட்சைக்காகப் பாடமாக்கியவன் நான்; அவை மனிதர்மேலும் ஒட்டும் என்பது பின்னர்தான் விளங்கிற்று.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 19ஆம் உறுப்புரை, ஆங்கிலத்தில் 'அன்ட்' போட்டு, சிங்களத்தையும் தமிழையும் தேசிய மொழிகளாக ஒருங்கே வைக்கிறது. 18ஆம் உறுப்புரையோ சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் அதன்கீழ் ஒரு வரி சேர்த்தது: தமிழும் அரசகரும மொழி. உரிமை வந்தது, மறுக்கவில்லை. ஆனால் எச்சவும்மையோடு வந்தது. மேலேயுள்ள வரி அப்படியே இருக்கிறது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது நான் சிறுவன். போர் முடிந்து மீளக் குடியேறிய பின் ஒரு கூட்டத்தில் பேச்சாளர் அன்போடு சொன்னார்: "முஸ்லிம் சகோதரர்களும் வந்திருக்கிறார்கள்." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மனம் மட்டும் இலக்கணம் பார்த்துக்கொண்டிருந்தது.

சென்ற தவணை வகுப்பறிக்கை எழுதினேன். 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். 'மலையகக் குடும்பத்துப் பிள்ளைகளும் நன்றாகப் படிக்கிறார்கள்' என்று எழுதியிருந்தேன். பாராட்டாகத்தான். சக ஆசிரியை ஒருவர் வாசித்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் சேர், அதுகள் படியாதுகள் எண்டு நினைச்சனீங்களோ?"

அறிக்கையைத் திரும்ப வாங்கி உம்மையை வெட்டினேன். அப்போதும் வாக்கியம் சரியாக நிற்கவில்லை. அவர்களைப் பற்றி மட்டும் ஏன் தனியாக ஒரு வரி? முழுவதையும் வெட்டிவிட்டு, பிள்ளைகளின் பெயர்களையும் புள்ளிகளையும் எழுதத் தொடங்கினேன்.