கற்கும் கையும் நோகும் உடலும்

பசறை வீதியிலிருந்து மேலே ஏறிச் செல்லும் ஒரு தோட்டம். அதன் பிள்ளைக்காம்பராவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவ முகாம் நடந்தது. வந்தவர்களின் பெயரையும் வயதையும் எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு. ஒரு மேசையில் வெள்ளை அங்கி அணிந்த இளைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் மருத்துவ மாணவர். இறுதித் தேர்வுக்கு இன்னும் ஈராண்டு இருந்தது. கொழுந்தெடுத்துத் தேய்ந்த விரல்களைக் கூப்பியவாறு ஒரு மூதாட்டி அவர் முன் நின்று, "டாக்டர் ஐயா, தலைசுத்து நிக்கவே மாட்டேங்குதுங்க" என்றாள். இளைஞர் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரைகளைப் பார்த்தார். "இதைப் பாதியாகக் குறைத்து விடுங்கள்" என்றார். தாம் மாணவர் என்பதை அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்று அவரை மேற்பார்வை செய்ய வேண்டிய மருத்துவர் வந்திருக்கவுமில்லை.

அவளுக்குத் தீங்கு ஏதும் நேர்ந்ததாக நான் அறியேன். ஆயின் தீங்கு நேராததனால் ஒரு செயல் நீதியாகி விடுமா? கண்ணை மூடிக்கொண்டு வண்டியோட்டியவன் யாரையும் மோதாமல் வீடு சேர்ந்தால், அதை அவனுடைய நல்லொழுக்கம் என்று கூற மாட்டோம். வழியில் வந்தோரின் நற்பேறு என்றுதான் கூறுவோம்.

அந்த இளைஞரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. விடுமுறை நாளில், கூலி எதுவும் பெறாமல், மலையேறி வந்த நல்ல உள்ளம் அவருடையது. ஆனால் நல்ல உள்ளம் மட்டும் ஒருவனுக்குப் பிறர் உடலின் மீது அதிகாரம் தந்து விடுமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

மருத்துவமோ தாதியமோ பயிலும் மாணவர் மூன்று நிலைகளில் நோயாளியை அணுகுகிறார். பயிற்சியின்போது வைத்தியசாலைக் கட்டிலருகே நிற்கிறார்; அங்கே அவருக்குப் பின்னால் ஆசிரியர் நிற்கிறார். கை தவறினால் பிடித்துத் திருத்தவும், தவறுக்குப் பொறுப்பேற்கவும் ஒருவர் உண்டு. தொண்டின்போது அந்த ஆசிரியர் இல்லை. ஆகவே அந்த நேரத்தில் அவர் நம்மைப் போன்ற ஒரு குடிமகனே. ஊதியத்துக்கு எங்கேனும் உதவியாளராக அமர்ந்தால், அந்த வேலைக்கு உரிய எல்லையே அவருடைய எல்லை. பாதி கற்ற வித்தையை மலிவு விலைக்கு வாங்கி முழு மருத்துவரின் இடத்தை நிரப்ப முதலாளிக்கு உரிமையில்லை. கை ஒன்றுதான், அதன் அதிகாரம் மூன்று விதம். இலங்கையின் 1927ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் ஏற்பாடும் இந்த உண்மையையே காட்டுகிறது. பட்டம் பெற்றவர்கூட உள்ளகப் பயிற்சிக் காலத்தில் தற்காலிகப் பதிவுடனேயே பணியாற்றுகிறார். அது முடிந்த பின்னரே முழுப் பதிவு. அறிவு மட்டும் உரிமையாகாது. அறிவுக்குப் பின்னால் பொறுப்பின் சங்கிலி ஒன்று வேண்டும்.

"விதி பேசுவது நகரத்தாருக்குச் சரி; மருத்துவரே இல்லாத லயத்தில் மாணவராவது பார்ப்பது மேலல்லவா?" என்று சிலர் கேட்கலாம். இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. குருதி கொட்டும் காயத்தைக் கண்டும் சான்றிதழைத் தேடுபவன் மனிதனல்லன்; முதலுதவி எந்த மனிதருக்கும் கடமை. ஆனால் முகாம் என்பது முன்கூட்டியே நாள் குறித்து நடத்தப்படுவது. அதை அவசரம் என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றுவதாகும்.

மேலும், "ஒன்றுமில்லாததற்கு இது மேல்" என்ற இந்த வாசகத்துக்குத் தோட்டங்களில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872இல் ஒரு சட்டம் பிறந்தது. 1912இல் புதிய சட்டங்கள் வந்தன. எனினும் லயத்து மக்கள் கண்டது பெரும்பாலும் முழுத் தகுதி பெற்ற மருத்துவரை அல்ல. மருந்து கலக்கிக் கொடுப்பவரையும் தோட்ட மருத்துவ உதவியாளரையுமே. அவர்களுள் அர்ப்பணிப்போடு உழைத்தோர் பலர். ஆனால் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். நோயாளி குணமடைந்தாளா என்பதைவிட, நாளை பிரட்டுக்கு வருவாளா என்ற கேள்வியே நிர்வாகத்துக்குப் பெரிது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது; தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் பணியோ மெதுவாகவே நகர்ந்தது. தற்காலிக ஏற்பாடு என்று சொல்லப்பட்டதே தலைமுறைகளின் விதியாயிற்று. இன்று நாம் கருணையின் பெயரால் மீண்டும் அரை வைத்தியத்தைக் கொண்டு செல்வோமாயின், அந்தப் பழைய அநீதிக்குப் புதுச் சாயம் பூசுகிறோம்.

சம்மதம் என்ற சொல்லையும் நாம் ஆராய வேண்டும். 1947இல் நியூரம்பெர்க் தீர்ப்பு வகுத்த நெறிகளுள் முதலாவது, மனித உடலின் மீது நடத்தும் ஆய்வுக்கு அவ்வுடலுக்குரியவரின் சுயேச்சையான சம்மதம் வேண்டும் என்பது. ஆயினும் அமெரிக்காவின் டஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை, ஏழைக் கறுப்பின மக்களின் மேகநோயைக் குணப்படுத்தாமல் வேடிக்கை பார்த்தனர். தாங்கள் சிகிச்சை பெறுவதாகவே அந்த மக்கள் நம்பினர். எவருக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் வழக்கம் மறுக்கப்பட்டதோ, அவருடைய மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்வது எளிது. துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் தலையாட்டியே வாழப் பழக்கப்பட்ட சமூகம், வெள்ளை அங்கிக்கும் தலையாட்டும். தோட்டப் பெண்களின் கருத்தடைச் சிகிச்சைக்குச் சம்மதம் எவ்வாறு பெறப்பட்டது என்ற கேள்வி நம் நாட்டில் பலமுறை எழுந்ததன் காரணமும் இதுவே. இதனோடு மொழியும் சேர்கிறது. மானிப்பாயில் கிறீன் வைத்தியர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே தமிழில் மேலை மருத்துவம் கற்பித்தார். ஆனால் ஊவாவின் தொழிலாளி தன் நோவைத் தன் மொழியில் சொல்ல இன்றும் பல வேளைகளில் மற்றொருவரின் நாவைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. புரியாத மொழியில் பெற்ற சம்மதம் சம்மதமாகுமா?

அப்படியாயின் மாணவர் ஏழையின் உடலைத் தொடவே கூடாதா? அதுவும் தவறு. தொடாமல் எவரும் மருத்துவராக முடியாது. ஆனால் இந்தக் கற்றலின் சுமையை யார் தாங்குகிறார்கள்? பணமுள்ளவர் தனியார் வைத்தியசாலையில் தேர்ந்த நிபுணரைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கிறார். அரசாங்க வைத்தியசாலையின் பொது வார்டில் கிடப்பவரோ மாணவர் கூட்டத்துக்குப் பாடநூலாகிறார். இந்நாட்டில் 1945இல் வந்த இலவசக் கல்வி நமது பெருமை. ஆனால் அந்தக் கல்வியைத் தாங்கிய நாட்டின் செல்வத்தில் தேயிலையின் பங்கு எவ்வளவு! கொழுந்துக் கூடையைச் சுமந்த முதுகு மாணவருக்குப் புத்தகமும் வாங்கித் தந்தது. பிறகு தானே புத்தகமாகவும் விரிந்து கிடக்கிறது. இந்த இரட்டைக் கடனை உணர்ந்த மாணவருக்கு விதிகள் தளையல்ல. கடனாளியின் குறைந்தபட்ச நாணயம்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர். அவர் முதலில் வைத்தது நோயுற்றவரை. மாணவருக்கு உரிய இடம் நான்காவது இடம். அது இழிவான இடமன்று. பெயரைப் பதியலாம், மொழிபெயர்க்கலாம், மருத்துவர் எழுதிய மருந்தை எப்போது உண்பது என்று தமிழில் பொறுமையாக விளக்கலாம், நடக்க இயலாதவரைப் பதுளை வைத்தியசாலைவரை அழைத்துச் செல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, "இந்தத் தோட்டத்துக்கு ஏன் நிரந்தரமான மருத்துவர் இல்லை?" என்று உரத்த குரலில் கேட்கலாம். தொண்டின் உயர்ந்த நோக்கம், அந்தத் தொண்டே தேவைப்படாத நிலையைப் படைப்பதுதான்.

அந்த மூதாட்டியிடம் இளைஞர் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் மிகச் சிறியது: "அம்மா, நான் இன்னும் படிக்கிற பிள்ளை." அதைக் கேட்டு அவள் தன் மாத்திரைகளை மீண்டும் முந்தானையில் முடிந்துகொண்டு போயிருக்கலாம், அல்லது, "பரவாயில்ல சாமி, பாரு" என்று கையை நீட்டியிருக்கலாம். எதுவாயினும் முடிவு அவளுடையதாக இருந்திருக்கும். அவளுடைய வாழ்வில் அவளே எடுத்த முடிவுகள் எத்தனை? அவற்றுள் ஒன்றை, அறியாமலேயே, நாமும் அன்று பறித்துவிட்டோம். பெயர் எழுதிக் கொண்டிருந்த நானும் வாய் திறக்கவில்லை.