காதோரப் பீடி

நனைந்த பீடியை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்ன செய்வார்? மூன்று வாரமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். பிப்ரவரியில் வந்திருந்த மச்சினர் குடும்பத்துக்குப் பூநாரை காட்டலாமென்று மீஞ்சூரிலிருந்து பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போனேன். படகுக்காரருக்கு அறுபதைத் தாண்டிச் சில வருஷம் ஆகியிருக்கும். காதில் ஒரு பீடி செருகியிருந்தார். "எவ்ளோ நேரமாவும்?" என்று மச்சினர் கேட்டதற்கு, "ரெண்டு பீடி நேரம் சார்" என்றார். தண்ணீர் வற்றிய இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கம்பு ஊன்றித் தள்ளினார். குனிந்தபோது பீடி நழுவி ஏரியில் விழுந்தது. கம்பைப் படகுக்குள் போட்டுவிட்டு, விளிம்பில் கவிழ்ந்து படுத்து, கை நீட்டித் துழாவி, இரண்டு விரலால் அதை எடுத்தார். உதறினார். பலகையில் வெயில் படும் இடமாகப் பார்த்து வைத்தார். திரும்பும்போது எடுத்து மறுபடி காதில் செருகிக்கொண்டார்.

"காஞ்சாலும் இனிமே பத்தாதே அண்ணே" என்றேன்.

"பத்த வைக்கறதுக்கா வச்சினுகீறேன்? நான் வுட்டு ஆறு வருசம் ஆவுது சார்."

அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பூநாரைகள் எத்தனை இருந்தன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வண்டியில் வரும்போது மச்சினர் பையன் படங்களைக் காட்டினான். அதிலாவது படகுக்காரரின் காது விழுந்திருக்கிறதா என்று தேடினேன். எல்லாம் பறவைகள்தான்.

நானும் விட்டவன். பதினோரு மாதம் ஆகிறது. இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தை ஐம்பத்திரண்டாவது வயதில் விட்டேன். பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் இலவச எண்ணைத்தான் கூப்பிட்டேன். 1800-11-2356, 2018 செப்டம்பரிலிருந்து எல்லாப் பாக்கெட்டிலும் இருக்கிறது. அத்தனை வருஷம் அதைப் படித்துக்கொண்டே புகைத்திருக்கிறேன். ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள், அதற்கு முந்தைய நாளே வீட்டில் இருக்கும் சிகரெட், தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் எதுவும் மிச்சமில்லாமல் போட்டுவிடுங்கள் என்றார்கள். எந்த டாக்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். போட்டேன். ரயிலடி டீக்கடைக்குப் போவதை நிறுத்தினேன். கூடப் புகைத்த இரண்டு நண்பர்களிடம் போனில் மட்டும் பேசுகிறேன். காலையில் ஐந்தரைக்கு எழுந்து, டீக்கடைகள் இல்லாத தெருவாகப் பார்த்து நடக்கிறேன். தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். கூட நடக்கும் பெரியவர் தினமும் ஒரே ஜோக்கைச் சொல்வார்: "நீ வுட்டுட்ட, அது வுடலியே!" வந்து கேழ்வரகுக் கூழ் குடிக்கிறேன். படியேறினால் மூச்சு இரைப்பதில்லை. எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

ஆனால் இதெல்லாம் ஒளிந்து வாழ்வதுதானே. படகுக்காரர் பீடியைத் தலையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார், நான் அது இருக்கும் தெருவுக்கே போவதில்லை. இரண்டு பேரில் விட்டது யார்?

எட்டு வயதில் எனக்கு வீட்டில் கொடுத்த முதல் உத்தியோகம் அப்பாவுக்குச் சிகரெட் வாங்கி வருவது. ஒரு நாளைக்கு இரண்டு. பெட்டிக்கடையின் கம்பத்தில் ஒரு தேங்காய்நார்க் கயிறு தொங்கும். அதன் நுனி எப்போதும் கனன்றுகொண்டிருக்கும். தீப்பெட்டிக்குக் காசு செலவழிக்காதவர்கள் அதில்தான் பற்றவைப்பார்கள். சாம்பல் மூடிக் கறுத்திருக்கும்போது பக்கத்தில் போய் ஊதினால் உள்ளே சிவப்பாக ஒரு கண் திறக்கும். அதை ஊதுவதற்காகவே ஓடுவேன். கடைக்காரர் திட்டமாட்டார், கையில் ஒரு கமர்கட்டும் கொடுப்பார். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது என்ற சட்டம் 2003-இல்தான் வந்தது. அன்றைக்கு நான் பொறுப்பான பிள்ளை.

அப்பா ஒரு சிகரெட்டை ஒரே தடவையில் முடிக்கமாட்டார். பாதியில் நுனியைக் கிள்ளி அணைத்துக் கூடத்து ஜன்னல் கட்டையில் வைப்பார். சிகரெட்டைச் சும்மா விட்டால் தானே எரிந்து தீர்ந்துவிடும், அதனால் கிள்ள வேண்டும். பீடி அப்படியில்லை, இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். (அதனால்தான் பீடிக்காரன் அடிக்கடி இழுக்கிறான், நெஞ்சுக்குள் கூடுதலாக வாங்குகிறான். சிறிசு என்று நினைப்பது தப்புக் கணக்கு.) அம்மா வீடு முழுக்கத் துடைப்பாள், அந்த ஜன்னல் கட்டையை மட்டும் தொடமாட்டாள். அப்பா போன அன்றும் அங்கே ஒரு பாதி இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் இருந்தது. வெள்ளையடிக்க ஆள் வந்தபோது போயிருக்க வேண்டும். யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் 'சத்திய சோதனை' படித்தேன். காந்தி சிறுவனாக, சித்தப்பாவோ பெரியப்பாவோ, அவர் வீசியெறிந்த துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்தது அதில் வரும். அது போதாமல் வேலைக்காரரின் சில்லறையைத் திருடியதும், பெரியவர்களைக் கேட்காமல் எதையும் செய்ய முடியாத வாழ்க்கை என்னவென்று வெறுத்துப்போய் உறவுக்காரப் பையனோடு ஊமத்தை விதை தேடிக் கோயிலுக்குப் போனதும் வரும். இரண்டு மூன்று விதையை விழுங்கியதோடு பயந்து திரும்பிவிடுவார்கள். சாகிற எண்ணமும் போயிற்று, துண்டு பொறுக்குவதும் போயிற்று. ஆசிரியர் இதை நல்லொழுக்கப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு மனதில் நின்றது விட்டது அல்ல, அந்தத் துண்டுதான். வீட்டுக்கு வந்து ஜன்னல் கட்டையைப் பார்த்தேன். அப்புறம் நடந்ததை எழுத வேண்டியதில்லை.

பயமுறுத்தினால் விடுவார்கள் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 2016-இல் பாக்கெட்டில் 85 சதவீதத்துக்கு எச்சரிக்கைப் படம் வந்தது. கவிழ்த்து வைத்துப் பார்த்தேன், பின்பக்கமும் அதுவே. மேலே தீப்பெட்டியை வைத்து மறைத்துக்கொண்டேன். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அதைவிட நல்ல எச்சரிக்கைப் படம் எங்கே கிடைக்கும்? அதன் பக்கத்தில் நின்று நான் புகைத்திருக்கிறேன்.

போன வாரம் தனியாகப் பழவேற்காட்டுக்குப் போனேன். வீட்டில் இறால் வாங்கப் போவதாகச் சொன்னேன். அந்தப் படகுக்காரர் கரையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் பார்த்தது காதைத்தான். பீடி இல்லை.

கேட்கவில்லை. வேறு எதையோ பேசினோம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் காசநோய். அரசு மாத்திரை ஆறு மாசம். "பீடி புடிச்சினே மாத்தர முழுங்குனா மாத்தரதான் தண்டம்னு அந்த நர்சம்மா சொல்லுச்சி. சின்னப் பொண்ணு சார், என் பேத்தி வயசு." அதற்காகத்தான் விட்டாரா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: நம் சென்னையிலும் விழுப்புரம் பக்கத்திலும் இறந்துபோன 43,000 ஆண்களின் கதையை விசாரித்துப் பார்த்தார்கள், 2003-இல் வெளிவந்தது, புகைத்தவர்கள் காசநோயில் சாவது புகைக்காதவர்களைப்போல நான்கு மடங்குக்கும் மேல். தலையாட்டினார். ரிச்சர்ட் டால் என்ற ஆங்கிலேயர் டாக்டர்களையே ஐம்பது வருஷம் கவனித்து 2004-இல் சொன்ன கணக்கையும் சொன்னேன்: முப்பதில் விட்டால் பத்து வருஷம் மிச்சம், நாற்பதில் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் மூன்று.

"எனுக்கு மூணா?"

"ஆமாண்ணே."

ஊசியை நிறுத்திவிட்டு ஏரியைப் பார்த்தார். எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள் அங்கே. பாடு என்று பெயர், தலைக்கட்டுக்கு ஒன்று. "மூணு வருசத்துல நல்ல பாடா எத்தினி வரும்னு உங்க வெள்ளக்காரன் சொன்னானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடியவில்லை. அதைக் கவனித்தேன்.

வலையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். குனிந்தபோது மோந்து பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஈர வலை, சேறு, மீன். காற்று கடல் பக்கமிருந்து அடித்தது. அதில் வேறு எந்த வாசனையும் நிற்காது. ஆறு வருஷம் கழித்து அந்தப் பீடி வேண்டாமென்று எடுத்துப் போட்டுவிட்டாரா? அல்லது ஏதோ ஒரு ராத்திரி படகில் பற்றவைத்துவிட்டாரா? நனைந்து காய்ந்ததால் உதிர்ந்துபோயிருக்கலாம், புதிதாக ஒன்று செருக மறந்திருக்கலாம். இவற்றில் ஒன்று மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது, எது என்று அப்போது தெரியவில்லை.

"வந்து நேரமாவுதே, கெளம்பறேண்ணே."

"இர்ங்க சார், ஒரு பீடி நேரத்துல முடிஞ்சிரும்."

இறாலோடு பொன்னேரிக்கு வந்து ரயில் ஏறினேன். அனுப்பம்பட்டு தாண்டும்போதுதான் உறைத்தது. கரையில் நான் உட்கார்ந்திருந்தது அவருக்கு வலது பக்கம். அன்றைக்குப் படகில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்?