வட்டத்துக்கு ஏன் ஒரு வரைபடம் போதாது

சீடன்: ஐயா, வட்டத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோணம் உண்டு. 0 பாகையில் தொடங்கி 360 வரை போனால் எல்லாப் புள்ளியும் அடங்கிவிடுகிறது. பிறகு ஏன் நூல்கள் வட்டத்துக்கு இரண்டு வரைபடம் கேட்கின்றன?

குரு: 0 பாகைக்கும் 360 பாகைக்கும் உரிய புள்ளிகள் எவை?

சீடன்: இரண்டும் ஒரே புள்ளிதான். 360-ஐ விட்டுவிடலாம், 0 மட்டும் இருக்கட்டும்.

குரு: இருக்கட்டும். அந்தப் புள்ளிக்கு இரு பக்கமும் மயிரிழை தள்ளி ஒவ்வொரு புள்ளி எடு. கோணம் சொல்.

சீடன்: ஒன்று 0.1 பாகை. மற்றது 359.9.

குரு: வட்டத்தில் அவை ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, உன் எண்களில் எதிரெதிர் எல்லையில் கிடக்கின்றன. வரைபடத்திடம் நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு புள்ளிக்கு ஓர் எண், ஓர் எண்ணுக்கு ஒரு புள்ளி. அருகில் இருப்பது இரு பக்கமும் அருகிலேயே இருக்க வேண்டும். உன் கோணம் முதலாவதைக் காப்பாற்றி, இரண்டாவதை அந்த ஓரிடத்தில் கைவிடுகிறது.

சீடன்: கோணத்தைவிடக் கெட்டிக்காரத்தனமான எண்முறை இருக்கலாமே?

குரு: இருக்க முடியாது. முழு வட்டமும் ஒரே வரைபடத்தில் அடங்கினால், எண்கோட்டில் அது ஒரு திறந்த இடைவெளியாகத்தான் விரியும். இடைவெளியிலிருந்து ஒரு புள்ளியைப் பிடுங்கினால் இரண்டு துண்டு. வட்டத்திலிருந்து பிடுங்கினால்?

சீடன்: ஒரே துண்டு.

குரு: நிரூபணம் முடிந்தது. ஆகவே இரண்டாவது வரைபடம் வேண்டும். முதலாவது 0-இலிருந்து 360 வரை, முனைகள் நீங்கலாக. இரண்டாவது, −180-இலிருந்து 180 வரை, அதுவும் முனைகள் நீங்கலாக. முதலாவது விட்ட புள்ளியை இரண்டாவது பிடித்துக்கொள்ளும். இரண்டும் பேசும் இடங்களில் ஒன்றிலிருந்து மற்றதற்கு எப்படிப் போவாய்?

சீடன்: மேல் பாதியில் அதே எண். கீழ்ப் பாதியில் 360-ஐக் கழிக்க வேண்டும். 270 என்பது −90 ஆகும்.

குரு: கீழ்ப் பாதியின் அந்த விதியை மறந்துவிட்டு, மேல் பாதியை மட்டும் ஒட்டிப் பார்.

சீடன்: −180-இலிருந்து 360 வரை... நீண்ட ஒரு கோட்டுத் துண்டுதான் வருகிறது. வட்டம் காணாமல் போய்விட்டதே!

குரு: அதை நன்றாகப் பார்த்துக்கொள். இரண்டு வரைபடங்களும் நேர்கோட்டுத் துண்டுகள். தனித்தனியே எடுத்தால் எதிலும் வட்டத்தின் சாயல்கூட இல்லை. ‘360 கழி’ என்ற அந்த ஒரு விதியில்தான் வட்டம் இருக்கிறது.

சீடன்: அப்படியானால் பொருள் வரைபடத்தில் இல்லை, வரைபடங்களுக்கு இடையிலான உடன்பாட்டில் இருக்கிறது என்கிறீர்களா?

குரு: அதுதான் நான் சொல்ல வந்தது. கோளத்திலும் அப்படியே. அட்சரேகை, தீர்க்கரேகையோடு வடதுருவத்துக்குப் போனால் தீர்க்கரேகை என்னவென்று சொல்ல முடியாது. எல்லாக் கோடுகளும் அங்கே கூடிவிடுகின்றன. ஆனால் துருவத்தில் கோளம் மற்ற இடங்களைப் போலவே வழவழப்பாக இருக்கிறது. ஆரம் 1 உள்ள கோளத்தை எடு. வடதுருவத்திலிருந்து ஒரு புள்ளி வழியே கோடு இழுத்து, நடுக்கோட்டுத் தளத்தில் அது எங்கே விழுகிறது என்று குறி. வடதுருவம் தவிர எல்லாப் புள்ளிக்கும் இடம் கிடைக்கும். தென்துருவத்திலிருந்தும் அதையே செய். வட அட்சம் 30 பாகையில் உள்ள புள்ளி முதல் முறையில் மையத்திலிருந்து சுமார் 1.732 தூரத்தில் விழும். இரண்டாவதில் 0.577.

சீடன்: பெருக்கினால் 1 வருகிறது!

குரு: எந்தப் புள்ளிக்கும் அப்படியே. திசை மாறாது, தூரம் தலைகீழாகும். கோளத்தை ஒட்டவைக்கும் விதி அதுதான்.

சீடன்: ஒரு சமன்பாட்டை எழுதி வெளியிலிருந்து முழுதாகப் பார்த்துவிட்டால் இந்தப் பாடு எதற்கு?

குரு: வெளியே போக முடியாதவன் என்ன செய்வான்? 1820-களில் ஹானோவர் நாட்டை நில அளவை செய்த காவுஸ், பரப்பை விட்டு வெளியேறாமலே அதன் வளைவைக் கணக்கிடலாம் என்று 1827-இல் காட்டினார். 1854 ஜூன் 10 அன்று கோட்டிங்கனில் அவர் முன்னிலையில் உரையாற்றிய ரீமான், எத்தனை பரிமாணத்துக்கும் அந்தச் சிந்தனையைக் கொண்டுபோனார். அண்டத்தை ஆராய்பவனுக்கு வேறு வழியே இல்லை. ஒரு நிறையைச் சுற்றியுள்ள காலவெளிக்கு 1916-இல் வெளியான ஷ்வார்ஸ்ஷீல்டின் தீர்வில் ஒரு குறிப்பிட்ட ஆரத்தில் ஓர் உறுப்பு முடிவிலியாகிறது. சூரியன் அளவு நிறைக்கு அது சுமார் 3 கிலோமீட்டர். அங்கே காலவெளியே உடைந்துவிட்டது என்று பலர் எண்ணினார்கள். பழுது வரைபடத்தில்தான், காலவெளியில் இல்லை என்று 1933-இல் லெமேத்ர் காட்டினார். மையத்தில் நடப்பது வேறு. எந்த வரைபடத்தில் போனாலும் அங்கே வளைவு எல்லையின்றிப் பெருகுகிறது.

சீடன்: வரைபடம் மாறியும் மாறாதது எதுவோ அது பொருளுக்குச் சொந்தம். எனக்கு இப்போது நிம்மதி, ஐயா.

குரு: அவசரப்படாதே, தம்பி. எண்கோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் கனத்தையே முகவரியாகக் கொடு. 2-க்கு 8, −3-க்கு −27. இது வரைபடமா?

சீடன்: ஆம். ஓர் எண்ணுக்கு ஒரு முகவரி, அண்மையும் கெடவில்லை.

குரு: பழைய முகவரியிலிருந்து புதியதற்குப் போவது கனம் எடுப்பது. திரும்பி வருவது?

சீடன்: கனமூலம். அதற்கு 0-இல் சாய்வு முடிவிலியாகிறது, வகையிட முடியாது. இரண்டும் ஒரே அட்லஸில், அதாவது ஒன்றிலிருந்து மற்றதற்கு வழவழப்பாகப் போகக்கூடிய வரைபடங்களின் தொகுப்பில், சேராது!

குரு: ஆக, ஒரு சார்பு வகையிடத்தக்கதா என்ற கேள்விக்கே நீ எந்த அட்லஸைத் தேர்ந்தாய் என்று தெரிந்தால்தான் விடை.

சீடன்: அப்படியானால் வழவழப்பு நாம் கொடுப்பதா? பொருளுக்கு உரியதில்லையா?

குரு: கோட்டைப் பொறுத்தவரை கவலை இல்லை. இரண்டு அட்லஸ்கள் வேறானாலும் ஒவ்வோர் எண்ணையும் அதன் கனமூலத்துக்கு நகர்த்தினால் முதல் கோடு இரண்டாவது கோடாகவே வந்து பொருந்தும். பெயர் மாறியது, ஆள் அதே. ஆனால் எப்போதும் இப்படித் தப்பிக்க முடியாது. ஏழு பரிமாணக் கோளத்தின்மேல், எந்த நகர்த்தலாலும் ஒன்றோடொன்று பொருந்தாத அட்லஸ்கள் உண்டு என்று 1956-இல் மில்னர் கண்டார். திசையமைப்பையும் கணக்கில் கொண்டால் மொத்தம் 28 என்று 1963-இல் கெர்வேரும் அவரும் எண்ணி முடித்தார்கள்.

சீடன்: ஒரே கோளம், 28 விதமான வழவழப்பா?

குரு: ஆம். ஆகையால் நீ சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல் கூடுதலாக வேண்டும்: எந்த அட்லஸுக்குள் வரைபடம் மாறியும் மாறாதது?

சீடன்: நாம் வாழும் உலகத்துக்கு அருகே வரலாம், ஐயா. நான்கு பரிமாணக் கோளத்தில் எத்தனை?

குரு: ஒன்றா, பலவா என்று இதுவரை எவரும் நிரூபிக்கவில்லை. உட்கார், கோளத்தின் இரண்டு வரைபடங்களையும் நான்கு பரிமாணத்துக்கு எழுதிப் பார்ப்போம்.