உடலுறுப்பு விலைப்பொருளாமோ?

வறுமையால் நலிவுற்றான் ஒருவன் தன் சிறுநீரகம் இரண்டனுள் ஒன்றை விலைக்குக் கொடுத்தல் முறையாமோ என்னும் வினா இந்நாளிற் பலராலும் எழுப்பப்படுகின்றது. இந்திய நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குற்றமென விலக்கிற்று. ஈரான் நாட்டிலோ கொடுப்போர்க்குப் பொருள் வழங்கும் ஏற்பாடு 1988இல் தொடங்கிற்று. இவற்றுள் அறமாவது யாதென ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

"உடல் என்னுடையது, விற்றற்கும் எனக்கு உரிமையுண்டு" என்பர் ஒருசாரார். தனு கரண புவன போகங்கள் உயிர் மலநீக்கம் பெறுதற்பொருட்டு இறைவன் மாயையினின்றும் தோற்றுவித்துக் கூட்டியன என்பது சித்தாந்தத் துணிபு. ஆகலின் உடல் உயிர்க்கு இரவற்பொருளேயன்றி விலைகூறற்குரிய உடைமையன்று.

அற்றேல், தனதல்லாததனைத் தானஞ் செய்தலுந் தகாதாம். கண்ணப்பநாயனார் தங் கண்ணைக் கொடுத்தது யாங்ஙனம் பொருந்தும் எனின், கூறுதும். உடலைத் தந்தவன் திருவுளக் கருத்து உயிர் அன்பில் முதிர்தலேயாம். அன்பினாற் கொடுத்தல் அக்கருத்தை நிறைவேற்றும். விலைக்குக் கொடுத்தலோ அவன் தந்த கருவியைச் சந்தைப் பண்டமாக்கும்.

கூலிக்கு உழைப்பானும் உடலையே விற்கின்றான் எனின், அற்றன்று. உழைப்பிற் செலவான வலிமை உணவாலும் உறக்கத்தாலும் மீளும். அரிந்தெடுத்த சிறுநீரகம் மீள முளையாது.

இனி, ஏழையின் கடனேனும் அதனால் தீருமே என்பார் கூற்று இரக்கத்தின்பாற் பட்டதாகலின் எளிதில் தள்ளற்பாலதன்று. ஆயின், சென்னையிற் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது வெளிப்பட்டது வேறு. நூற்றுக்கு 96 பேர் கடன் தீர்த்தற்கே விற்றிருந்தனர். அவருள் நாலில் மூன்று பங்கினர் அப்பொழுதும் கடனாளிகளாகவே இருந்தனர். குடும்ப வருவாய் மூன்றில் ஒருபங்கு குறைந்தது. பெரும்பாலோர் உடல்நலமுங் குன்றினர். கடன் நெருக்க இசைந்தான் இசைவு இசைவாகாமை இதனாற் பெறப்படும்.

எனினும் விற்றவனை இகழ்தல் அடாது. அவனை அந்நிலைக்குத் தள்ளி இடைநின்று பொருளீட்டுவோர்க்கும், அவன் பசியைத் தீர்க்காது பார்த்திருந்த நமக்குமே பழி உரியது.

அங்ஙனமாயின், சிறுநீரகம் பழுதுற்று வாடும் நோயாளர்க்கு வழி யாதோ எனின், கொடையே வழியென்க. மூளைச்சாவு எய்தினாருடைய உறுப்புக்களைச் சுற்றத்தார் உவந்து கொடுக்கும் முறை தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் அரசின் ஒழுங்கில் நடைபெற்று வருகின்றது. அங்ஙனம் கொடுத்தார்க்கு இறுதிக்கடன் அரசு மரியாதையோடு நிகழுமென 2023இல் அறிவிக்கப்பட்டது. நெருப்பிற்கு இரையாவதனைப் பிறிதோர் உயிர்க்கு உறுதியாக்குதல் சீவகாருணியத்துள் தலையாயதாம். அன்பர்கள் தம் கருத்தை உயிரோடிருக்கும் பொழுதே இல்லத்தார்க்கு உணர்த்தி வைப்பாராக.

சிவம்.