தோட்டமும் நினைவும்: ஓர் அறவியல் நோக்கு

ஈழத்துத் தமிழில் 'தோட்டம்' என்னும் சொல் மூன்று பொருள்களில் வழங்கி வருகின்றது. யாழ்ப்பாணத்து விவசாயிக்கு அது கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் புகையிலையும் பயிரிடும் நிலம். மலையகத்தவர்க்கு அது தேயிலையும் இறப்பரும் விளையும் பெருநிலம். வேலைத்தலமும் லயமும் ஒன்றாய் அமைந்த உலகம். செல்வர்க்கோ அது நிழலும் மலரும் காட்சியும் நாடி அமைக்கப்பெறும் பூங்கா. உழைப்பு, உடைமை, அழகு ஆகிய மூன்றையும் ஒரு சொல்லே சுமந்து நிற்கின்றது. பழந்தோட்டம் ஒன்றின் மூல அமைப்புகளைப் பேணும்போது இம்மூன்றினுள் எதனைப் பேணுகின்றோம் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இரு தோட்டங்களை முன்வைத்து இதனை ஆராயலாம்: ஒன்று உலகறிந்தது, மற்றது வன்னியில் நாம் நாள்தோறும் கடந்து செல்வது.

முன்னையது பெந்தோட்டைக்கு அருகே வாவிக்கரையில் அமைந்த லுணுகங்க. ஒல்லாந்தர் காலத்தில் கறுவாவும் ஆங்கிலேயர் காலத்தில் இறப்பரும் வளர்ந்த அந்நிலத்தை, 1948ஆம் ஆண்டு ஜெப்ரி பாவா வாங்கினார். முன்னர் வழக்கறிஞராயிருந்த அவரைக் கட்டடக் கலையின்பால் ஈர்த்தது அத்தோட்டமே. 2003இல் மறையும்வரை அதனை அவர் திருத்திக்கொண்டேயிருந்தார். வீட்டிலிருந்து நோக்குவோர்க்கு வாவியும் அதற்கப்பால் விகாரையொன்றின் வெண்ணிறத் தாதுகோபமும் தெரியும்படி குன்றின் முகடு தாழ்த்தப்பட்டது. இடையே சென்ற பாதை பார்வைக்குப் படாதவாறு பள்ளத்துள் மறைக்கப்பட்டது. ஈழத்தலரியின் கிளைகள் பாரம் தொங்கவிட்டு வளைக்கப்பட்டன. இவையனைத்தும் இன்று மூல அமைப்புகளாகப் போற்றிப் பேணப்படுகின்றன.

ஆயின், உயிருள்ள தோட்டத்தில் 'மூலம்' என்பது யாது? மரம் பட்டுப்போகின்றது, அதனிடத்தே வேறொரு கன்று நடப்படுகின்றது. எஞ்சுவது மரமன்று, அதனை அங்கே நிற்கச் செய்த எண்ணமே எனலாம். அவ்வெண்ணத்திற்கு முன்னரும் இறப்பர் இருந்தது; அதற்கு முன்னர் கறுவா இருந்தது. இவற்றுள் ஒரு காலத்தை மூலமெனக் கொள்வது, அக்காலத்துக்குரிய ஒருவரைத் தெரிந்தெடுப்பதேயாகும். மேலும், எண்ணம் மட்டும் தோட்டத்தைக் காப்பதில்லை. கட்டடம் உடையவன் உறங்கும்போதும் நிற்கும். தோட்டமோ சில மாரிகள் கவனியாது விடின் காடாகிவிடும். களை பிடுங்குவோனும் நீர் வார்ப்போனும் அதனை நாள்தோறும் மீளப் படைக்கின்றனர். ஆதலின் அவர்தம் உழைப்பு தோட்டத்தின் புறத்தே நிற்கும் துணையன்று. அதன் மூல அமைப்புகளுள் ஒன்றாகும்.

கலைப்படைப்பை அதன் அழகு கொண்டே மதிக்க வேண்டும், வரலாற்றின் சுமையை அதன்மீது ஏற்றலாகாது என்று சிலர் கூறுவர். பாதையை மறைத்தது கலைஞனின் உரிமை என்பதை நாமும் ஏற்போம். எனினும், கண்ணுக்கு மறைந்த பாதை கருத்துக்கும் மறைந்துவிடின் அது கலையின் குற்றமன்று, நமது குற்றம். லுணுகங்க வாங்கப்பெற்ற அதே 1948ஆம் ஆண்டிலேயே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் பெருந்தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியிருந்த நாடற்றவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியதும், பாவா மறைந்த அதே 2003இல்தான். இவ்வொற்றுமை தற்செயலானது, அத்தோட்டத்தையோ அதனை ஆக்கியவரையோ இதற்காகக் குறைகூறுதல் நீதியன்று. ஆயினும் அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு தோட்டத்தின் ஒவ்வொரு மரமும் வரைபடத்தில் இடம்பெற, வேறு தோட்டங்களை ஆக்கிய மக்களுட் பலர் நெடுங்காலம் வாக்காளர் பட்டியலிற்கூட இடம்பெறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

அம்மக்களுட் பலர் 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறினர். காடு வெட்டிக் கிணறு தோண்டி மரம் நட்டனர். முன்னரே இங்கு வாழ்ந்தோரின் வளவுகளும் அவ்வாறு உருவானவையே. இவ்வளவுகளே நாம் கருதும் இரண்டாவது தோட்டம். 2009இல் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீண்டோர்க்குக் கூரையுமில்லை, சுவருமில்லை. பலருக்குத் தம் காணியை அடையாளங் காட்டியவை கிணற்றுக்கட்டும் மாவும் பலாவும் தலையிழந்த தென்னையுமே. அவற்றுக்கு வரைபடமில்லை, பேணுவதற்கோர் அறக்கட்டளையுமில்லை. நீர் வார்த்த கையின் நினைவொன்றே அவற்றின் ஆவணம். நினைவுடையவர் மறைந்தால், கிணறு வெறுங் குழியாகிவிடும். மரம் யாரோ நட்ட மரமாகிவிடும்.

லுணுகங்க பேணப்படல் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் பேணுதலின் அறம் புகழைப் பின்தொடர்வதாயின், அது பெயருடையோர்க்கு மேலும் பெயர் சேர்ப்பதாகவே முடியும். உழைப்பைப் பின்தொடருமாயின் வன்னியின் வளவுகளும் அதன் எல்லைக்குள் வரும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரின் ஒரு கிணற்றைத் தோண்டியவர் யார், ஒரு மரத்தை நட்டவர் யார் என முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் போதும். விடை சொல்லத்தக்கவர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.