நான்காவது ஆள்

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொன்றரை மணி இருக்கும். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி, எடுத்த புத்தகத்தில் முத்திரை போட்டுக்கொள்ள என் மேசை முன்னால் நின்றாள். நின்றவள் மேசை விளிம்பைப் பிடித்தபடியே கீழே சரிந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தோம். "காலையில என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டேன். "வெரதம் மேடம்" என்றாள்.

பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஆடிச் செவ்வாய்க்கு விரதம் இருக்கும் பெண்பிள்ளைகள் நிறைய. நானும் அந்த வயதில் இருந்தவள்தான். எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கலந்து கொடுத்து, வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை அதே வெளுத்த உதட்டோடு வந்தாள். கேட்டதற்கு, ராகவேந்திரருக்கு விரதம் என்றாள். சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கு என்றாள். அன்றுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் அடுப்பு எரியாத நாளுக்கு அவள் வைத்திருந்த பெயர் விரதம்.

நான் ஒரு தனியார் கல்லூரியில் இருபத்தொன்பது வருடமாக நூலகராக இருக்கிறேன். எங்களிடம் படிப்பவர்கள் விடுதிப் பிள்ளைகள் இல்லை. அம்மா கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் நாலு வீட்டில் வேலை செய்வார். அப்பா ஆட்டோ ஓட்டுவார், அல்லது இருக்கமாட்டார். 2023 ஜூனில் பெண்களுக்கு பஸ் இலவசமான பிறகு கே.ஆர்.புரத்துக்கு அப்பாலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். மதியம் வகுப்பு முடிந்ததும் பாதிப் பேர் கடைக்கும் மாலுக்கும் வேலைக்கு ஓடுகிறார்கள். இவர்கள் உடம்புக்கு ஒன்று என்றால் கல்லூரியில் இருப்பது என் மேசை இழுப்பறைதான். அதில் குளுக்கோஸ் பாக்கெட், காய்ச்சல் மாத்திரை, நாப்கின், பிஸ்கட் வைத்திருக்கிறேன். அதைத் தாண்டி ஒன்றும் இல்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி ஆசிரியர்கள் அறையில் பேசினேன். ஒருவர் சொன்னார்: "நம்ம வேலை பாடம் நடத்துறது. உடம்பை வீடுதான் பார்த்துக்கணும். மிச்சம் அவங்கவங்க கர்மா." அவரைக் கல்நெஞ்சர் என்று நான் நினைக்கவில்லை. பலருடைய மனதில் இருப்பதை அவர் வாய்விட்டுச் சொன்னார். அதனால்தான் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஒரு பிள்ளையின் நோய் யாருடையது? அவளுடையது மட்டுமா? அவள் வினையைச் சார்ந்ததா? அதில் கல்விச்சாலைக்குப் பங்கு உண்டா?

வினை என்ற கொள்கையை நான் தள்ளுகிறவள் இல்லை. திருநீறு பூசாமல் பள்ளிக்கு அனுப்பாத வீட்டில் வளர்ந்தவள். ஆனால் வினை என்பது ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய சொல் என்று நினைக்கிறேன். என் வலிக்கு என் வினை காரணம் என்று நான் சொன்னால், எனக்குப் பொறுமை வரும். இன்னொருத்தி வலிக்கு அவள் வினை காரணம் என்று நான் சொன்னால், எனக்கு வருவது ஓய்வு. எழுந்து போக வேண்டியதில்லை, கேட்க வேண்டியதில்லை என்ற ஓய்வு. அவள் மயங்கி விழுந்தது அவள் வினை என்றால், அவள் விழுந்த இடத்தில் நான் நின்றதும் என் வினைதானே? அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

எனக்குப் பத்து வயதில் சின்னம்மை போட்டது. அம்மா வாசலில் வேப்பிலை செருகினார். "ஆத்தா எறங்கியிருக்கா" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார். அந்த ஒரு சொல்லோடு வீட்டின் நடப்பே மாறியது. தாளிப்பு நின்றது, சத்தமான பேச்சு நின்றது. இந்தக் குழந்தை என்ன பாவம் செய்ததோ என்று ஒருவரும் கேட்கவில்லை. பாட்டி என் பாயருகே தரையில் உட்கார்ந்து, வேப்பங்கொத்தால் கை கால்களை வருடிக்கொண்டே இருந்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை அவர் இடத்தைவிட்டு நகரவில்லை. 1898இல் பிளேக் வந்த ஊர் இது; அதன் நினைவாக பிளேக் மாரியம்மன் கோவில்கள் இன்றும் பெங்களூரில் இருக்கின்றன. வேப்பிலைக்கு மருந்தாக எவ்வளவு பலம் என்று நான் வாதாடப் போவதில்லை. நோயாளியைக் குற்றவாளியாகப் பார்க்காமல், தெய்வம் வந்து தங்கிய இடமாகப் பார்த்தார்கள். அதனால் பாட்டிக்கு அங்கே உட்காருவது பூஜையாக இருந்தது.

அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் காலையில் நடக்கப் போகும்போது திருவள்ளுவர் சிலையைப் பார்ப்பேன். பதினெட்டு வருடம் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்டில் திறந்த சிலை. குறளில் 'மருந்து' என்ற அதிகாரம் பொருட்பாலில், 95ஆவதாக வருகிறது. அதில் பாதிக்கு மேல் உணவைப் பற்றித்தான் பேசுகிறார்: செரித்தபின் அளவறிந்து உண்பதைப் பற்றி. கடைசிக் குறளில் மருத்துவம் என்பது எத்தனை கூறுகள் சேர்ந்தது என்று எண்ணிக் காட்டுகிறார். நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் என நான்கு. அந்த நான்காவது ஆளை அவர் ஒப்புக்குச் சேர்க்கவில்லை. மற்ற மூன்றுக்கும் சமமாக நிறுத்துகிறார். நான்கில் ஒன்று இல்லையென்றால் அது மருத்துவம் ஆகாது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

இந்த நகரத்தில் மூன்றுக்குப் பஞ்சமில்லை. சிவாஜிநகரில் பவுரிங் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, தெருவுக்குத் தெரு மருந்துக் கடை இருக்கிறது. என் மாணவிக்கு இல்லாதது நான்காவது. அவள் அம்மா வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். அவரை உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்விச்சாலையே அந்த இடத்தில் நின்ற ஒரு பழைய ஊர் உண்டு: காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்குள்ள பெருமாள் கோவில் சுவரில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், 1068ஐ ஒட்டி வெட்டிய நீண்ட கல்வெட்டு இருக்கிறது. கோவிலோடு ஒரு கல்விச்சாலை, மாணவர் தங்கும் இடம், வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை. பதினைந்து படுக்கை. ஒரு மருத்துவர், அறுவைச் சிகிச்சை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், மருந்து கொடுத்து நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர். ஒவ்வொருவருக்கும் நெல் எவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகளின் பெயர்கள் இருக்கின்றன. இரவு எரியும் விளக்குக்கு எண்ணெய் இருக்கிறது. மாணவர்கள் சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளிக்கவும் எண்ணெய் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இதைப் பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. அங்கே படித்தவர்கள் வேதம் ஓதிய பிள்ளைகள். என் மாணவியின் முன்னோர் அந்த வாசலை மிதித்திருக்க முடியாது. யாருக்குக் கவனிப்பு உரியது என்ற கேள்வியில் அந்தக் காலம் தவறிவிட்டது. அதை மறைத்துவிட்டுக் கல்வெட்டைக் கொண்டாட எனக்கு மனம் வராது. ஆனால் படிப்பு இருக்கும் இடத்தில் படுக்கையும் மருந்தும் எண்ணெயும் இருக்கவேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அதை அவர்கள் யாருடைய நல்ல மனதுக்கும் விட்டுவைக்கவில்லை. கல்லில் வெட்டினார்கள். கோவில் வழக்கில் இப்படி என்றைக்குமாக ஏற்படுத்தி வைப்பதற்குக் கட்டளை என்று பெயர். இரக்கம் ஆளோடு போய்விடும்; கட்டளை நிற்கும்.

இன்றைய நிலை என்ன? 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் அரசுப் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அது பதினெட்டு வயதோடு முடிகிறது. மதிய உணவு கர்நாடகத்தில் பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பத்தொன்பது வயதில் டிகிரி வகுப்புக்கு வரும் பெண்ணைத் தேடி ஒருவரும் வருவதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை. எங்கள் லைப்ரரியில் அறுபது பெண்கள் உட்கார்ந்து படிக்கும்போது இந்த எண்ணை நினைத்துக்கொண்டு அவர்களைப் பார்ப்பேன். மனநலத்தில் மட்டும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள கல்வி நிலையம் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது வைக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று சொல்லியிருக்கிறது. இதை நான் ஒரு கட்டளையாகவே படிக்கிறேன்.

கல்லூரிக்கு ஏது பணம் என்பார்கள். நான் ஆஸ்பத்திரி கட்டச் சொல்லவில்லை. மருத்துவரும் மருந்தும் ஊரில் உண்டு. கல்லூரி நான்காவது ஆளாக இருந்தால் போதும். கதவு சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறை, ஒரு கட்டில், முழுநேரமாக ஒரு நர்ஸ். சேரும்போது ஒரு ரத்தப் பரிசோதனை. அரசு மருத்துவமனைக்குக் கூடப் போய்வர ஓர் ஆள். கேட்காமலே கிடைக்கும் ஒரு வேளை சாப்பாடு. சொன்னது வெளியே போகாது என்ற உறுதி. தும்கூரில் சித்தகங்கா மடம் அன்னம், அட்சரம், ஆசிரயம் (சோறு, எழுத்து, தங்குமிடம்) மூன்றையும் சேர்த்துத்தான் தாசோகம், அதாவது தொண்டு, என்கிறது. 111 வயதில் 2019இல் மறைந்த சிவகுமார சுவாமிகள் அப்படித்தான் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் படிக்க வைத்தார். எழுத்தைத் தனியாகவும் சோற்றைத் தனியாகவும் அங்கே பிரிக்கவில்லை.

"கேட்காமலே" என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதினேன். அந்தப் பெண் தன் பசிக்கு விரதம் என்று பெயர் வைத்தது பொய் என்று நான் நினைக்கவில்லை. இல்லாமையின் நடுவே அவள் தலை நிமிர்ந்து நிற்க அந்தச் சொல் உதவியது. மதம் அவளுக்கு அதையாவது கொடுத்ததே என்று நெகிழ்ந்தேன். அதைப் பிடுங்கிக்கொண்டு சோறு போடும் தர்மம் எனக்கு வேண்டாம். விரதத்துக்கும் பட்டினிக்கும் வயிற்றில் வித்தியாசம் தெரியாது. தட்டில் சோறு இருக்கும்போது ஒருத்தி வேண்டாம் என்று வைப்பதில்தான் விரதம் தொடங்குகிறது.

அவளைக் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். மதியம் என்னோடு சாப்பிட ஆரம்பித்தாள். புத்தக அட்டவணை வேலையில் உதவ ஆள் வேண்டும் என்று சொல்லி உட்கார வைத்தேன். பிறகு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். என் டிபன் கேரியரில் அதற்குமேல் இடமில்லை. வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறேன். இழுப்பறைச் சாவியைக் கொடுக்க ஆள் கிடைப்பார். ஆனால் இந்தக் கவனிப்பு வெறும் சாவியாகக் கைமாறுவது தவறு. மேலே சொன்ன அறையையும் நர்ஸையும் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கல்லில் வெட்டுங்கள் என்று எழுதவில்லை. வருடக் கணக்கில் ஒரு வரியாக ஏற்றுங்கள் என்று எழுதினேன்.

இந்த வருடம் ஆடி வந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் கேரியரைத் திறந்து அவள் பக்கம் தட்டை நகர்த்தினேன். அவள் சிரித்தபடி தட்டைத் திரும்ப நகர்த்தினாள்.

"இன்னிக்கு நெஜமாவே வெரதம் மேடம்" என்றாள்.