வானம் தோண்டும் நாளில்

கடையத்துக்கு மேற்கே, எங்கள் ஊர் முடிந்து மலை தொடங்குகிற இடத்தில் ஒரு வேம்பு நிற்கிறது. அதன் தூரை ஒட்டி ஆளுயரப் புற்று. செவ்வாய், வெள்ளிகளில் பெண்கள் அதற்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றுகிறார்கள். ஆடி மாதத்தில் நிற்க இடமிருக்காது. அதே பெண்கள், வீட்டு நிலைக்காலில் மண்கோடு ஏறியிருப்பதைப் பார்த்தால் மறுநாளே மருந்தடிக்கிறவருக்குப் போன் செய்துவிடுகிறார்கள். இதைப் போலித்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தெய்வத்திடம் உள்ள பயமும் உண்மை, கடன் வாங்கிக் கட்டிய வீடு விழுந்துவிடுமோ என்ற பயமும் உண்மை. ஆனாலும் ஒரு கேள்வியைத் தள்ளிவிட்டுப் போக என்னால் முடிவதில்லை. ஓர் உயிர் கட்டியதைக் கோயிலாகக் கும்பிட்டுவிட்டு, அந்த உயிரைக் கூட்டத்தோடு அழிக்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

என் கொல்லைச் சுவரிலிருந்து இரண்டு வயல் தாண்டினால் களக்காடு முண்டந்துறைக் காடு. இந்த எல்லையில் வீடு கட்டிக் குடியிருக்கிற யாரும் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் இருக்க முடியாது.

முதலில், புற்றில் யாரைக் கும்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துச் சங்கரன்கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் இட்டுக்கொண்டு நாக்கிலும் ஒரு துளி வைத்துக்கொள்கிறோம், தோல் வியாதிக்கென்று பொட்டலம் கட்டி வெளியூருக்கு அனுப்புகிறோம். திருவாரூரில் மூலவரே வன்மீகநாதர், புற்றிடங்கொண்டார். தவத்தில் அசையாமல் இருந்தவரைப் புற்று மூடியது என்பது வால்மீகியின் கதை. இந்தக் கதைகளிலெல்லாம் புற்றுக்குள் நாகம் இருக்கிறது, லிங்கம் இருக்கிறது, முனிவர் இருக்கிறார். புற்றைக் கட்டியவர் மட்டும் இல்லை. பாலும் முட்டையும் பிறகு குடிவந்த பாம்புக்குத்தான். மண்ணை வாயால் நனைத்து நனைத்து ஏற்றிய உயிருக்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது. கும்பிடும்போதும் சரி, கொல்லும்போதும் சரி, நாம் கறையானைப் பார்ப்பதே இல்லை. என் வருத்தம் அங்கேதான் தொடங்குகிறது.

பார்த்தவர் ஒருவர் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் சிதல் எனப்படும் கறையானையும் எறும்பையும் மூவறிவு உயிர்கள் என்று வகுக்கிறது. தொடுவதும் சுவைப்பதும் முகர்வதும் உண்டு, நான்காவதான கண் இல்லை. பள்ளியில் தமிழ் நடத்திய காலமெல்லாம் இதை மனப்பாடப் பகுதியாகவே கடந்து போனேன். ஓய்வு பெற்றபின் ஒருநாள் சமையலறை அலமாரியை நகர்த்தியபோது, பின்சுவரில் பென்சில் கனத்துக்கு ஒரு மண்கோடு மேலே ஏறியிருந்தது. நகத்தால் ஒரு விரற்கடை அளவு பெயர்த்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே நொய்யரிசி போல வெளுத்த உடம்புகள். மண்ணுக்குள்ளேயே ஈரத்தில் வாழ்கிறவை அவை. வெளிக்காற்று பட்டால் உடம்பு உலர்ந்து செத்துப்போகும், அதற்காகத்தான் போகிற வழியெல்லாம் கூரை கட்டிக்கொண்டு போகின்றன. கோடு உடைந்ததும் வேலைக்காரக் கறையான்கள் இருபக்கமும் உள்வாங்கின. பழுப்புத் தலையும் கிடுக்கித் தாடையுமாகக் காவல் கறையான்கள் நாலைந்து வந்து உடைந்த வாயில் நின்றன. அவற்றின் பின்னாலிருந்து வேலைக்காரர்கள் ஒவ்வொன்றாக வந்து, ஈரமண் உருண்டையை விளிம்பில் வைத்து, தலையை அசைத்து அசைத்து அழுத்திவிட்டுத் திரும்பின. ஒன்றுக்கும் கண் கிடையாது. சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தேன். திறப்பு பாதிக்குமேல் அடைபட்டிருந்தது. மரபியல் வகுத்தவர் எங்கோ இப்படிக் குனிந்து உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

உலகத்தில் ஏறத்தாழ 3000 வகைக் கறையான்கள் இருக்கின்றன. கட்டடத்துக்குக் கேடு செய்பவை அதில் சிறு பங்குதான். காட்டில் விழுந்த மரத்தையும் சருகையும் மண்ணாக்கும் வேலையில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றில் சில இனங்கள் புற்றுக்குள் காளான் பயிர் செய்கின்றன. மழை பெய்ததும் புற்றிலிருந்து கிளம்பும் அந்தக் காளானைத்தான் நாம் ஆசையாகப் பறித்து வந்து குழம்பு வைக்கிறோம். மலையிலிருந்து இறங்கி வரும் கரடி புற்றைப் பிளப்பதும் அழுங்கு நாக்கை நீட்டுவதும் இவற்றுக்காகவே. ஈசல் பறக்கிற நாளில் பல்லி, தவளை, காகம் எல்லாவற்றுக்கும் விருந்து. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டு மரத்தை உள்ளுக்குள்ளேயே தின்று முடிக்கிற இனங்களில் சில புற்றே கட்டாதவை, முழுக்க மண்ணுக்கடியில் இருப்பவை. அதனால் ஆத்திரத்தில் வயல்வரப்புப் புற்றை இடித்துத் தீ வைக்கிறவர்கள் பல நேரம் சம்பந்தமில்லாத குடியைத்தான் அழிக்கிறார்கள்.

பக்கத்துத் தெரு அண்ணாச்சி வள்ளலாரின் சன்மார்க்கத்தில் ஊறியவர். மண்கோட்டைக் காட்டியபோது, "தின்னுட்டுப் போகட்டும் டீச்சர். வீடு என்ன கூடவா வரப்போகுது?" என்றார். அவரது கருணையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. உத்தரத்தின் அடியில் பேரக்குழந்தை படுத்திருக்கிறது. 1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் அணையவில்லை என்றால், அதற்கு விறகு காய வேண்டும், அரிசி கெடாமல் இருக்க வேண்டும், கூரை நிற்க வேண்டும். பசித்தவனுக்குச் சோறு போடவும் ஒரு கட்டடம் வேண்டித்தான் இருக்கிறது.

திருக்குறளில் கொல்லாமை அதிகாரம் துறவறவியலில்தான் வருகிறது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் மருகால்தலைக் குன்றில் தமிழி எழுத்தோடு கற்படுக்கைகள் இருக்கின்றன. மாணவர்களை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். அந்தக் கல்லில் படுத்த துறவிகளிடம் கறையான் எடுத்துக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது. கதவும் நிலையும் உத்தரமும் உள்ளவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல். சமணர்கள் இதை மறைக்காமல் யோசித்திருக்கிறார்கள். இல்லறத்தார் செய்ய நேரும் இம்சையை அவர்கள் நான்காகப் பிரிக்கிறார்கள். வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்புக்காகச் செய்வது. முதலாவதை இல்லறத்தாரும் விட்டேயாக வேண்டும். மற்ற மூன்றையும் முழுக்க விட முடியாது, ஆனால் கவனத்தால் குறைக்கக் கடமைப்பட்டவர்கள்.

இந்தப் பிரிவினையை வைத்துக்கொண்டு நான் நிறைய யோசித்திருக்கிறேன். சுவரோரம் துளை போட்டு மருந்து ஏற்றுவது எதில் சேரும்? பெருக்கும்போது எறும்பு சாவது மாதிரி இது தற்செயலாக நேர்வதில்லை. கொல்லத்தான் செய்கிறோம். தற்காப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் வேறு வழி எல்லாம் பார்த்தபின்தான் அந்தச் சொல்லுக்கு உரிமை வரும். அப்படியானால் வேறு வழி எதையாவது நாம் பார்த்தோமா? பார்த்திருக்க வேண்டிய நாள் மருந்தடிக்கும் நாளுக்கு எத்தனையோ ஆண்டுகள் முந்தியது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய நாள் அது.

என் அப்பா ஆசாரி. நிலைக்கு மரம் எடுக்கும்போது வெளிப்புற வெள்ளையை முழுக்கச் செதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே இறுகிய வைரத்தை மட்டும்தான் வைப்பார். கறையான் முதலில் தேடி வருவது வெள்ளையை. தேக்கு, வேங்கை, முற்றிய பனை ஆகியவற்றின் வைரத்தில் அதற்குப் பல் எளிதில் இறங்காது. நிலைக்காலை மண்ணில் ஊன்ற விடமாட்டார், கல்லின் மேல்தான் நிற்கும். சுவருக்குள் போகிற மரத்தின் தலைக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார். மரம் வெட்டுமுன் சூடம் காட்டி, அதில் குடியிருக்கிற எல்லாம் வேறிடம் போகட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கோடாலியைத் தொடுவார். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையிலும் காட்டுக்குள் மரத்துக்குப் போகிற முறையில் இந்த விடைகேட்பு இருக்கிறது. உத்தரவு கேட்ட கை பிறகு அலட்சியமாக வேலை செய்யாது.

இன்று கட்டுகிற வீடுகளில் நான் பார்ப்பது வேறு. தோண்டின குழிக்குள் வேர்க்கட்டை அப்படியே கிடக்கும். சென்ட்ரிங் பலகையின் உடைந்த துண்டு, சவுக்குக் கம்பு, சிமென்ட் சாக்கு எல்லாவற்றையும் போட்டு மண்ணை மூடிவிடுவார்கள். காட்டோரத்தில் பசியோடு இருக்கிற ஓர் உயிரை விருந்து வைத்து அழைத்து, வந்தபின் விஷம் கொடுக்கிறோம். குளியலறைக் குழாய் ஒழுகி அடிச்சுவர் வருஷக்கணக்கில் ஈரமாக இருக்கும். விறகும் தேங்காய் மட்டையும் வெளிச்சுவரில் சாய்ந்து கிடக்கும். தளமட்டத்தை உயர்த்தி, சுவரைச் சுற்றிச் சிமென்ட் திண்டு போட்டு, விறகைக் கல்லின் மேல் சுவருக்கு விலக்கி அடுக்கி, ஒழுகலை உடனே அடைத்தால் பெரும்பாலும் கொலைக்கே வேலை வராது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 6313 என்ற விதியே, மருந்து இல்லாமல் கட்டுமானத்தால் கறையானைத் தடுப்பதைத்தான் முதல் பாகமாக வைத்திருக்கிறது. மருந்து அதற்கு அடுத்த பாகங்களில்தான் வருகிறது.

தேவாரம் கிடைத்த கதையை நான் இதோடு சேர்த்தே நினைப்பது வழக்கம். தில்லையில் மூவர் கையடையாளத்தோடு பூட்டிக் கிடந்த அறையை ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்தார்கள். பெரும்பகுதி போய்விட்டது. அரசன் கலங்க, இக்காலத்துக்கு வேண்டியதை வைத்துவிட்டு மற்றதைச் செல்லரிக்கச் செய்தோம் என்ற பொருளில் அசரீரி கேட்டதாகத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. கறையானையும் இறைவனின் கையாகக் கண்ட இந்தத் துணிவை வணங்குகிறேன். ஆனால் பூட்டிய கதவை என்னால் மறக்க முடியவில்லை. ஓதுகிறவர் கையில் தினமும் புரண்ட ஏட்டை, எண்ணெய் தடவி வெளிச்சம் காட்டிய ஏட்டை, கறையான் எளிதில் அணுகாது. பாட்டு போனதற்குக் கறையான் மேல் பழி போட அந்தக் கதையும் ஒப்பவில்லை. நான் அதில் கேட்பது, யாரும் தொடாமல் விட்டதைத்தான் அது எடுத்துக்கொண்டது என்பதை.

என் சமையலறைச் சுவருக்குக் கடைசியில் மருந்து ஏற்றத்தான் வேண்டியிருந்தது. வந்த தம்பி என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். "தரையும் சுவரும் சேர்ற இடத்துல அடிக்கு ஒரு துளை போட்டு ஏத்திருவோம் டீச்சர். இது தொட்ட உடனே சாகாது. ஒண்ணை ஒண்ணு நக்கிக்கிடும்லா, அதுல பரவி மொத்தமும் போயிரும்" என்றான். கண்ணில்லாத அந்த உயிர்கள் ஒன்றின் உடம்பை ஒன்று நக்கிச் சுத்தம் செய்வதால்தான் நோய் அண்டாமல் வாழ்கின்றன. நாம் கண்டுபிடித்த மருந்து அந்தப் பராமரிப்பு வழியாகவே உள்ளே போகிறது. இதைத் தெரிந்துகொண்டபின் "பூச்சி மருந்து அடித்தோம்" என்று லேசாகச் சொல்ல என்னால் முடியவில்லை. கொன்றேன் என்றே சொல்கிறேன். எந்தப் பரிகாரத்தையும் செய்து அதை இல்லையென்று ஆக்கிக்கொள்ளவும் விரும்பவில்லை. கிணற்றுப் பக்கச் சுவரைத் தொட விடவில்லை. கறையான் மருந்துகளில் இமிடாகுளோபிரிட் தேனீயையும் விடாது, குளோர்பைரிபாஸ் தண்ணீரில் கலந்தால் மீன் மிஞ்சாது. கறையானோடு முடிகிற கொலையாக இருந்தால் அது ஒரு கணக்கு. வாய்க்கால் வரை போகிற கொலைக்குத் தற்காப்பு என்ற பெயர் பொருந்தாது.

என் தம்பி மகன் பக்கத்து மனையில் வீடு கட்டுகிறான். வானம் தோண்டி முடித்த அன்று போய்ப் பார்த்தேன். வெட்டின வாகைமரத்தின் வேர் மூன்று பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது, குழியின் மூலையில் பலகைத் துண்டுகள். கொத்தனார், "மண்ணைப் போட்டு மூடிட்டா யாரு டீச்சர் பாக்கப்போறா?" என்றார். தம்பி மகனிடம், "இதையெல்லாம் எடுத்த பிறகுதான் அய்யர் வரணும்" என்றேன். "சரி அத்தை" என்றான். வேரைத் தோண்டி, சிராய் வரை பொறுக்கி வெளியே போட இரண்டு ஆளுக்கு ஒரு முழுநாள் ஆயிற்று. கூலியை எந்தக் கணக்கில் எழுத என்று கேட்டான். பூமி பூஜைச் செலவில் எழுதச் சொன்னேன்.